ஜுசெப்பே என்னும் பெயர்

இத்தாலிய நாட்டு ஆடவரிடையே மிகப் பரவலாக வழங்கும் பெயர்களுள் ஒன்று ஜுசெப்பே. ஆங்கிலேயரின் ஜோசப்பும், அராபியரின் யூசுப்பும், தமிழகக் கத்தோலிக்கரின் சூசையும் இப்பெயரே. மூலம் எபிரேய மொழி. ‘அவர் மேலும் தருவாராக’ என்பது பொருள். நெடுங்காலம் பிள்ளையின்றி வருந்திய ராகேல், தலைமகனைப் பெற்றபொழுது, இன்னுமொரு மகவை ஆண்டவன் அருளட்டும் என வேண்டி இப்பெயரை இட்டாள் என்று விவிலியம் கூறுகிறது.

பெயர் தொன்மையானதாயினும், இத்தாலியில் அது பெருவழக்கானது பிற்காலத்திலேதான். இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பரின் வழிபாடு இடைக்காலத்தின் இறுதியில்தான் ஓங்கத் தொடங்கியது. அவர் திருநாளாகிய மார்ச்சு 19, 1621இல் கடன் திருநாளாயிற்று. இத்தாலியில் தந்தையர் நாளும் அதுவே. வீட்டில் இப்பெயர் பெப்பே, பெப்பீனோ, பீனோ எனச் சுருங்கும். பினோக்கியோ என்னும் மரப்பாவையைச் செதுக்கிய கிழவர் ஜெப்பெத்தோவின் பெயரும் இதன் செல்ல வடிவமே. தச்சரான சூசையின் பெயர் மரம் செதுக்குபவருக்கு அமைந்தது பொருத்தந்தானே!

இத்தாலியின் விடுதலைக் காலத்தில் இப்பெயர் தாங்கியோர் பலர். மாஜினியை நாம் நன்கறிவோம். அவர் இளைஞர்க்கு வகுத்த சபதத்தைப் பாரதியார் தமிழ்ப் பாட்டாக்கினார். ஆனால் மற்ற இருவரின் பிறப்புப் பதிவேடுகளே நம் சிந்தைக்கு உரியன. வீரர் கரிபால்டி 1807இல் நீஸ் நகரிலும், இசை மேதை வெர்தி 1813இல் பார்மாவை அடுத்த ரொங்கோலே சிற்றூரிலும் பிறந்தனர். அப்பொழுது அவ்விரண்டு இடங்களும் நெப்போலியன் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. ஆதலால் இரு குழந்தைகளையும் அரசாங்க எழுத்தர் பிரெஞ்சு முறைப்படி ‘ஜோசப்’ என்றே பதிந்தார். வெர்திக்குக் கோயிற் பதிவோ இலத்தீனில். அன்னை அழைத்தது ஒரு பெயர், அலுவலகம் எழுதியது வேறொரு பெயர். பள்ளிப் பதிவேட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிவிடக் கண்ட நம்மவர்க்கு இதில் வியப்பிராது. ஆயினும் பதிவேட்டுப் பெயர் நிலைக்கவில்லை. உலகம் அவர்களை ஜுசெப்பே என்றே அறியும். பிற்காலத்தில் அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜுசெப்பேக்கள் பலர் ‘ஜோ’ ஆயினர். அவர்தம் பேரப்பிள்ளைகளுட் பலருக்கு மூலப்பெயரே அயலாகியிருக்கும்.

அப்பெயர் கொண்ட ஒருவர் தமிழகத்துக்கும் வந்தார். 1680இல் கஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்த கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி என்பாரே நம் வீரமாமுனிவர். முதற்பெயரின் பொருளாகிய உறுதியைக் கருதித் தைரியநாதர் எனப்பட்டார். இரண்டாம் பெயருக்கு உரிய சூசையப்பரையோ தேம்பாவணியின் காவியத் தலைவராக்கினார். 3,615 பாக்கள் கொண்ட அந்நூலில் அவர் சூசைக்கு வழங்கிய தமிழ்ப்பெயர் ‘வளன்’. ஒலியைப் பற்றாது பொருளைப் பற்றிய பெயர் அது. மேலும் மேலும் பெருகுக என்ற ராகேலின் வேண்டுதல் மூன்றே எழுத்துகளில் அடங்கிவிட்டது. இதைவிட அழகாக எம்மொழியும் இப்பெயரை ஏற்றதாக யான் கருதவில்லை. திருச்சிராப்பள்ளியில் தூய வளனார் கல்லூரி என்ற பெயரைப் படிப்போர் படிப்பது ஜுசெப்பேயைத்தான்.