உங்களுக்குத் தெரியுமா? பெரியகுளத்துக்கு வந்த கால்

ஜெயமங்கலத்தை அடுத்த பெரியகுளத்துக்கு மதுரையிலிருந்து ஒரு கால் அனுப்பப்பட்டது என்பது செவிவழிச் செய்தி. மருதநாயகம் என்ற கான் சாகிபின் கால் அது! ஆர்க்காட்டு நவாபுக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மதுரைச் சீமையை அடக்கி, வரி வசூலித்துக் கொடுத்தவர் அவர். செல்வாக்கு வளர வளர நவாப் முகமது அலியின் கண்ணை உறுத்தினார். 1763இல் பகை முற்றியது. மதுரைக் கோட்டை முற்றுகை மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் சொந்த திவான் சீனிவாச ராவும், கூட இருந்த பிரெஞ்சு அதிகாரி மர்ச்சாந்தும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கு. கயிறு இருமுறை அறுந்ததாம். அவர் செத்த பிறகும் எதிரிகளுக்குப் பயம் போகவில்லை போலும். தலை திருச்சிக்கு, கைகள் பாளையங்கோட்டைக்கு, மற்றொரு கால் தஞ்சைக்கு என்று பிரித்து அனுப்பியதாகச் சொல்வார்கள். எஞ்சிய உடல் அடக்கமான இடம், மதுரை சம்மட்டிபுரம் தர்கா.