‘நரம்பு’ என்னும் சொல்லும் இடுப்பு நரம்பின் காயமும்

தமிழில் ‘நரம்பு’ என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. யாழில் கட்டிய தந்தியும் நரம்பு. இலையில் ஓடும் கோடும் நரம்பு. புறங்கையில் புடைத்துத் தெரியும் குருதிக் குழாயும் நரம்பு. குதிகாலுக்கு மேலே தடித்து நிற்கும் தசைநாணும் நரம்பு. மூளையின் ஏவலைக் காலுக்குக் கொண்டு செல்லும் இழைத்தொகுதியும் நரம்பே. இப்பொதுமை தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலாய் மொழியின் ‘உராட்’ என்னும் சொல்லும் குருதிக் குழாய், தசைநாண் முதலியவற்றைக் குறிக்கும். மூளையோடு தொடர்புடைய நரம்பைப் பிரித்துக் காட்ட ‘சராஃப்’ என்னும் சொல்லை அம்மொழியினர் வழங்குகின்றனர். கிரேக்கத்தின் ‘நியூரோன்’ என்பதும் முற்காலத்தில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்ததே. இப்பொருள்மயக்கம் மருத்துவத்தில் விளைவிக்கும் இடரை, உடலின் மிகத் தடித்த நரம்பைக் கொண்டு இங்கு விளக்குவோம்.

அதனை மருத்துவர் ‘சயாட்டிக்’ நரம்பு என்பர். அப்பெயர் இடுப்பைச் சுட்டும் ‘இஸ்கியோன்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஆதலின் தமிழில் ‘இடுப்பு நரம்பு’ என்பது பொருந்தும். முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் ஐந்து நரம்பு வேர்கள் கூடி இஃது உருவாகிறது. தொடக்கத்தில் ஏறத்தாழ 2 செ.மீ. அகலமுடைய இந்நரம்பு, பிட்டத் தசைகளின் அடியில் இறங்கித் தொடையின் பின்புறமாகச் சென்று, பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. உட்கிளை பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தவும், வெளிக்கிளை பாதத்தை மேலே தூக்கவும் துணைபுரிகின்றன.

இடுப்பு மூட்டு நழுவும்போதும், பிட்டத்தில் ஊசி தவறான இடத்தில் இறங்கும்போதும் இந்நரம்பு காயமுறலாம். பேச்சு வழக்கில் ‘நரம்பு ஊசி’ என்பது குருதிக் குழாயில் செலுத்தும் ஊசியையே குறிக்கும். உண்மையான நரம்பில் ஊசி பட்டாலோ கால் மரத்துப்போகலாம்; பாதம் தூக்க இயலாமல் தொங்கலாம். பிட்டத்தில் ஊசி இடுவோர் அதன் மேல்வெளிப் பகுதியையோ இடுப்பின் பக்கவாட்டையோ தேர்ந்துகொள்வது இது கருதியே.

நரம்புக் காயங்களை 1943இல் ஹெர்பர்ட் செடான் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் மூவகையாகப் பகுத்தார். அவற்றைத் தமிழில் செயல்தடை, இழைமுறிவு, நரம்பறுவு எனலாம். செயல்தடையில் இழைகள் அறுபடுவதில்லை. சில வாரங்களில் அல்லது சில திங்களில் நலம் திரும்பும். இழைமுறிவில் உள்ளிழைகள் அறுந்தும் உறை நிற்கும். அவ்வுறையின் வழியே இழைகள் மீண்டும் வளரக்கூடும். நரம்பறுவில் அனைத்தும் துண்டிக்கப்படுவதால் அறுவை மருத்துவமின்றி நலம்பெறுதல் அரிது.

அறுந்த இழையின் கீழ்ப்பகுதி சிதைந்துவிடும் என்பதை அகஸ்டஸ் வாலர் 1850இல் தவளையின் நாக்கு நரம்புகளைக் கொண்டு காட்டினார். சிதைந்தவற்றை அகற்றிப் புதிய இழைக்கு வழியமைப்பவை ஷ்வான் உயிரணுக்கள். அவ்வழியே இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளரும். பிட்டத்திலிருந்து பாதம்வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆகவே இழை பாதத்தை அடைய மூன்று ஆண்டுகள்வரை ஆகலாம். நரம்பிழந்த தசையோ ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குப்பின் மீளும் திறனைப் பெரிதும் இழந்துவிடும். ஆய்வகங்களில் எலியின் இடுப்பு நரம்பே மிகுதியாக ஆராயப்படுகிறது. எலிக்குச் சில செ.மீ. தொலைவே உள்ளமையால் அங்குக் காணும் வெற்றி மனிதரிடம் அப்படியே நிகழ்வதில்லை.

அறுந்த முனைகள் நெருங்கியிருப்பின் நுண்ணோக்கியின் துணையால் தைப்பர். இடைவெளி மிகுந்திருப்பின் இழுத்துத் தைப்பது தீங்கு. கெண்டைக்காலின் உணர்வு நரம்பொன்றை எடுத்துப் பாலமாக ஒட்டுவர். வெளிக்கிளை மட்டும் செயலிழந்து, பாதத்தைத் தூக்கும் ஆற்றல் திரும்பாதபோது, உட்கிளையால் இயங்கும் தசையொன்றின் நாணை இடம்மாற்றிப் பாதத்தைத் தூக்கச் செய்வதும் உண்டு. முன்னது நரம்பு ஒட்டு. பின்னது தசைநாண் மாற்றம். இரண்டையும் ‘நரம்பு ஆப்பரேஷன்’ என்றே மொழிபெயர்ப்பாளர் கூறினால், நோயாளர் எதற்கு இசைவளித்துக் கையொப்பமிடுகிறார் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

காயத்திற்குப் பின் பாதம் தொங்குவதைக் கண்டும் ‘நரம்பு பிசகிவிட்டது’ என எண்ணி எண்ணெயிட்டு நீவுவதில் திங்கள் பல கழிவதுண்டு. அந்நாள்கள் ஒவ்வொன்றும் மில்லிமீட்டர் கணக்கில் இழப்பாகலாம். எனவே மருத்துவச் சூழலிலேனும் ‘நரம்பு’, ‘குருதிக் குழாய்’, ‘தசைநாண்’ என மூன்றையும் வேறுபடுத்தி வழங்குவோம். சொல் உறுதியாகத் தெரியாத இடத்தில், எந்த விரல் மரத்தது, எந்த அசைவு இயலவில்லை என்பதை விளக்கிக் கூறுவதே நன்று. யாழின் நரம்பும் இலையின் நரம்பும் தம் பழம்பெயரோடே இருக்கட்டும். அவற்றால் எவர் காலுக்கும் தீங்கில்லை.