நாய் கடிப்பது இனத்தாலா, வளர்ப்பாலா?

கமக்காரர் வளவுகளிற் காவல் நாய் வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். முற்றத்தில் உலரும் நெல், கொட்டிலில் கட்டித் தொங்கவிட்ட வெங்காயம், கிணற்றடியில் உள்ள நீரிறைக்கும் இயந்திரம் ஆகியவற்றை இரவிற் காப்பது அதுவே. ஆயினும் அதே நாய், படலையைத் திறந்து வரும் அயல்வீட்டுப் பிள்ளையையோ மிளகாய்ப்பழம் ஆய வரும் கூலியாளையோ கடித்துவிடின், காவலாக இருந்தது கேடாக முடிகின்றது. அவ்வேளையில், “அது அந்தச் சாதி நாய், அப்படித்தான் கடிக்கும்” என்று கூறி உடையவர் தப்பிக்கொள்வதுண்டு. இக்கூற்று எவ்வளவுக்கு உண்மை என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இனத்தோடு வருவன எவை?

பீஜீ 352 என்னும் நெல்லினத்தை விதைத்தால், அது ஏறக்குறைய மூன்றரை மாதத்தில் விளையும். அரிசி வெள்ளையாக இருக்கும். இவை விதையோடு வரும் குணங்கள். ஆனால் ஏக்கருக்கு எத்தனை புசல் கிடைக்கும் என்பது நீர், பசளை, களைகட்டல் ஆகியவற்றையும் பொறுத்தது. நாயும் இத்தகையதே. உடலின் பருமன், மயிரின் நிறம், காதின் அமைப்பு ஆகியன பெரும்பாலும் இனத்தோடு வருவன. கடிக்கும் பழக்கம் அவ்வாறன்று.

அமெரிக்காவில் 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் உடையவர்களிடம் கேட்டறிந்து செய்யப்பட்ட ஆராய்ச்சி ஒன்று 2022ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாய்க்கு நாய் குணத்திற் காணப்படும் வேறுபாட்டில், இனத்தால் விளக்கக்கூடியது 100க்கு 9 பங்கு அளவே என அது காட்டியது. ஒரு நாய் எவ்வளவு எளிதிற் சினங்கொள்ளும் என்பதை அதன் இனத்தைக்கொண்டு கூறுதல் அநேகமாக இயலாது என்றும் அதிலிருந்து தெரியவந்தது.

இதனாற் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று கொள்ளலாகாது. அச்சமும் சிடுசிடுப்பும் தாய் தந்தையரிடமிருந்து குட்டிக்கு வரக்கூடும். ஆகவே குட்டியைத் தெரிந்தெடுக்கும்போது இனத்தின் பெயரைக் கேட்பதிலும், தாய் நாயின் குணத்தை நேரிற் பார்ப்பதே மேலானது. கடிக்கும் நாயிலிருந்து குட்டி எடுத்தல் கூடாது. அதற்குக் கருத்தடை செய்வித்தலே தக்கது.

இனம் முக்கியமாகும் இடம் மற்றொன்றும் உண்டு. அல்சேஷன், றொட்வைலர் முதலிய பெருநாய்களும் அவற்றின் கலப்புக்களும் இப்பொழுது கிராமங்களிலும் வளர்க்கப்படுகின்றன. சிறு நாயின் கடி தோலைக் கிழிக்கும். பெருநாயின் கடி எலும்பையும் முறிக்கும், பிள்ளையாயின் உயிரையும் போக்கும். ஆதலால் நாய் எவ்வளவு பெரிதோ உடையவரின் பொறுப்பும் அவ்வளவு பெரிது. நெதர்லாந்து நாடு 1993ஆம் ஆண்டிற் பிற்புல் வகை நாய்களைத் தடைசெய்தது. தடையினால் நாய்க்கடி குறையாமையின் 2008ஆம் ஆண்டில் அதை நீக்கிவிட்டது. இனத்தை விலக்கினால் மட்டும் போதாது என்பதற்கு இது சான்றாகும்.

முதல் மூன்று மாதங்கள்

நாற்றுமேடையிற் கெட்ட நாற்று வயலில் தேறுவது அரிது. நாய்க்குட்டிக்கு நாற்றுமேடைக் காலம் மூன்றாம் வாரந்தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் வரையாகும். இக்காலத்திற் பழகியவற்றை அது பின்னர் அஞ்சுவதில்லை. 1961ஆம் ஆண்டு வெளியான ஒரு பரிசோதனையில், மனிதத் தொடர்பு சிறிதுமின்றி 14 வாரம் வரை வளர்ந்த குட்டிகள், பின்னர் எவ்வளவு பழக்கியும் காட்டு விலங்குகள்போல மனிதரைக் கண்டு வெருண்டன. வெருளும் நாயே பெரும்பாலும் கடிக்கும் நாய்.

ஒரு தாய் ஈன்ற குட்டிகள் இரண்டு இரு வீடுகளுக்குச் செல்கின்றன எனக் கொள்க. ஒன்று பிள்ளைகள், முதியோர், துவிச்சக்கரவண்டி, உழவு இயந்திரம் யாவற்றையும் அமைதியாகக் கண்டு பழகி வளர்கின்றது. மற்றையது கோடியிற் குட்டைச் சங்கிலியிற் கட்டப்பட்டு, கல்லெறியும் கோலடியும் பெற்று வளர்கின்றது. இரண்டும் ஒரே இரத்தமாயினும் ஓராண்டின் பின் அவை ஒரே வகை நாய்களாக இரா.

உடையவர் செய்யும் தவறுகள்

பட்டினி போட்டும் சீண்டியும் வளர்த்தால் நல்ல காவல் நாயாகும் என எண்ணுவோர் உளர். இது பெருந்தவறு. அத்தகைய நாய் கள்வனையும் விருந்தினரையும் வேறுபடுத்தி அறியாது. காவல் நாயின் வேலை குரைத்து அறிவித்தலேயன்றிக் கடித்தலன்று.

பகல் முழுவதும் குறுகிய சங்கிலியிற் கட்டிய நாய் அஞ்சும்போது விலகியோட வழியின்மையாற் கடிக்க முற்படும். உறுமும் நாயை அதற்காக அடிப்பதும் தீது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், நாய் எச்சரிக்கையின்றியே கடிக்கப் பழகும். குரைக்கிற நாய் கடியாது என்னும் பழமொழியை நம்பி எவரும் அணுகலாகாது.

இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தையும் மறத்தலாகாது. நாயைச் சீண்டாது, முறைப்படி வந்த ஒருவரை அது கடிக்குமாயின், உடையவர் நட்டஈடு கொடுக்க நேரிடலாம். நாயின் இனத்தைக் கூறித் தப்பிக்கொள்ளலாம் என அவர் எண்ணலாகாது.

செய்யவேண்டியவை

1. குட்டியை எட்டு வாரம் வரை தாயுடன் விடுக. அதன்பின் பலவகை மனிதருடனும் ஓசைகளுடனும் அமைதியாகப் பழக்குக.

2. பகலில் நிழலும் நீரும் உள்ள இடத்தில், நடமாடத்தக்க நீண்ட சங்கிலியிலோ அடைப்பிலோ வைத்திருக்க. இரவில் வேலியடைத்த வளவினுள் மட்டும் அவிழ்த்து விடுக. படலையைச் சாத்துக, வேலிப் பொட்டுக்களை அடைக்க.

3. உண்ணும் நாயையும் குட்டியீன்ற நாயையும் பிள்ளைகள் அணுகாதிருக்கச் செய்க.

4. அமைதியான நாய் திடீரெனக் கடிக்கத் தொடங்கினால், நோயோ நோவோ காரணமாகலாம். கால்நடை வைத்திய அதிகாரிக்குக் காட்டுக.

5. ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடுவிக்க.

இவ்வூசி சிறு காரியமன்று. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் விசர்நாய் நோயால் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 50க்கும் குறைந்திருப்பதற்கு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டமை ஒரு முக்கிய காரணமாகும். நோயின் குறி தோன்றியபின் பிழைத்தல் மிக மிக அரிது. ஆகவே எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். கடித்த நாயைக் கொல்லாது, பிறரை அணுகாதபடி கட்டிவைத்து 14 நாட்கள் கவனித்தல் வேண்டும்.

நல்ல நாய் விலைக்கு வாங்கப்படுவதன்று, வளர்க்கப்படுவது. படலைக்கு வரும் பிள்ளை அஞ்சாது வந்துபோகக்கூடிய வளவிலுள்ள நாயே கமக்காரருக்கு ஏற்ற காவல் நாயாகும்.