கையெழுத்துக்கு முன் ஒரு டீ

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். நிலுவையில் இருக்கும் வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பி நோட்டீஸ் வந்திருக்கிறது. போனால் கேஸ் பலவீனமாகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். ஆகாது. அங்கே உட்கார்ந்திருப்பவர் நீதிபதியாகவே இருந்தாலும், உங்கள் சம்மதமில்லாமல் ஒரு வரி உத்தரவு எழுத முடியாது. பேச்சு ஒத்துவரவில்லையா? கட்டு பழைய கோர்ட்டுக்கே திரும்பும். விட்ட இடத்திலிருந்து வழக்கு நடக்கும்.

ஒத்துவந்துவிட்டால்தான் கவனம் வேண்டும். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, அங்கே எழுதும் தீர்வு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. எதிராளி மேல்கோர்ட், அதற்கும் மேல்கோர்ட் என்று இழுத்தடிக்க வழியில்லை. பணம் தராவிட்டால் நேராக நிறைவேற்று மனு போடலாம். ஆனால் அதே பூட்டு உங்களுக்கும்தான். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதுபோன்ற மிகச் சில காரணங்களுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். தொகை குறைந்துபோச்சு என்று போய் நிற்க முடியாது.

விபத்து இழப்பீட்டு வழக்கில் இதை நன்றாக யோசிக்க வேண்டும். தேசிய மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாளில் கட்டுக்கட்டாக வழக்குகள் வரும். இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகை சொல்லும், எல்லாருக்கும் அவசரம். வயது, சம்பளம், ஊனத்தின் அளவு இவற்றை வைத்து கோர்ட்டில் சுமார் என்ன கிடைக்கும் என்று முதல்நாளே வக்கீலோடு கணக்குப் போட்டுவிடுங்கள். இதற்குக் கீழே இறங்குவதில்லை என்று ஒரு எண் கையில் இருக்கட்டும். வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதை நினைத்துக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், அது தோல்வி இல்லை.

நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று இன்னொன்று இருக்கிறது. மின்சாரம், தண்ணீர், தபால், இன்சூரன்ஸ் போன்ற சேவைத் தகராறுகளுக்கு, கோர்ட்டுக்குப் போகும் முன்பே, 1 கோடி ரூபாய் வரை அங்கே மனு கொடுக்கலாம். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று அசந்துவிடக் கூடாது: சமரசம் ஆகாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லிவிடும்.

அண்ணன் தம்பி பாகப் பிரச்சினை என்றால் நான் சமரச மையத்தைத்தான் சொல்வேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே தொடங்கியது. இப்போது மாவட்டங்களிலும் உண்டு. சமரசர் இரண்டு பேரையும் தனித்தனியாகவும் உட்காரவைத்துக் கேட்பார். அங்கே பேசியதை நாளைக்கு கோர்ட்டில் சாட்சியமாகக் காட்ட முடியாது. அதனால்தான் மனுவில் எழுத முடியாததெல்லாம் வெளியே வருகிறது: அம்மாவைக் கடைசிவரை யார் பார்த்துக்கொண்டது, தங்கை கல்யாணக் கடனை யார் அடைத்தது. அதைப் பேசித் தீர்த்த பிறகு சென்ட் கணக்குக்கு அதிக நேரம் ஆவதில்லை.

கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், கட்சிக்காரர்கள் வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் அந்த உரிமை உண்டு என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராஜிப் பத்திரம் தாக்கல் செய்யும்போதே அதற்கும் ஒரு மனுவைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள் உங்கள் வக்கீலிடம்.