கழுவிக் கொட்டிய சாட்சி

வடசேரியில் நமக்குத் தெரிந்த குடும்பஸ்தர் ஒருவர், வெளியூர் போய்த் திரும்புகையில் வழியில் ஒரு கடையில் இரண்டு பெட்டி பால்கோவா வாங்கி வந்தார். ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று கல்யாணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கும் மகளுக்கு. இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு பெட்டியைப் பிரித்து ஆளுக்குச் சிறிது உண்டார்கள். நடுநிசிக்குள் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் வாந்தி. கடைக்குட்டியை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடத்தும்படி ஆயிற்று. நாம் போய்ப் பார்த்தபோது ஆபத்து நீங்கியிருந்தது, கோபம் நீங்கவில்லை.

"இவன் மேல் கேஸ் போட முடியாதா, சார்?" என்றார் அவர்.

"பெட்டி எங்கே?" என்று கேட்டோம்.

"அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? விடிந்ததும் குப்பையில் போட்டுப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்தாச்சு" என்று அவர் மனைவி பதில் சொன்னார்.

சுத்தம் நமது இல்லங்களுக்குப் பெருமைதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது எதிராளிக்கு வக்கீலாக வந்து நின்றுவிடுகிறது.

சட்டத்தில் குறைவில்லை. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-வது பிரிவு, கெட்ட உணவால் மரணம் நேர்ந்தால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கொடுங்காயத்துக்கு 3 லட்சத்துக்கு மேற்படாமலும், மற்றத் தீங்குகளுக்கு 1 லட்சத்துக்கு மேற்படாமலும் நஷ்டஈடு விதிக்கலாம் என்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பண்டத்தைச் செய்தவர், விற்றவர் இருவர் மீதும் பிராது கொடுக்க இடம் தருகிறது. சரக்கு எந்த ஊரில் தயாரானாலும், வடசேரிவாசி நாகர்கோவிலிலுள்ள ஜில்லா நுகர்வோர் கமிஷனிலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கெடு இரண்டு வருஷம்.

வாங்கியவர் தகப்பனார்; படுத்தது குழந்தை. குழந்தையின் பொருட்டு வழக்காடலாமா? ஆடலாம். வாங்கியவரின் சம்மதத்தோடு உண்டவரும் நுகர்வோரே. இந்த நியாயம் இலகுவில் வந்ததன்று. 1928 ஆகஸ்டு 26-ந் தேதி ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், சிநேகிதி வாங்கிக் கொடுத்த இஞ்சிப் பானத்தை டொனஹியூ என்ற மாது அருந்தினார். புட்டியில் அழுகிய நத்தை இருந்ததாகவும், அதனால் நோயுற்றதாகவும் வழக்குத் தொடுத்தார். பானம் செய்தவரோடு அவருக்கு ஒப்பந்தம் ஏதுமில்லை. ஆயினும், உண்போர் விஷயத்தில் தயாரிப்பவருக்கு ஜாக்கிரதைக் கடமை உண்டு என்று 1932-ல் பிரபுக்கள் சபை மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த நத்தை மெய்யாகவே புட்டியில் இருந்ததா என்பது கடைசிவரை விசாரிக்கப்படவே இல்லை! வழக்கு அதற்குள் சமாதானமாகிவிட்டது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது, சர்க்காருக்கே வாய்க்கவில்லை. 2015 ஜூன் மாதத்தில், ஈயம் மிகுந்திருக்கிறது என்று நெஸ்லேயின் மாகி நூடுல்ஸைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆகஸ்டிலேயே பம்பாய் ஹைக்கோர்ட்டு அந்த உத்தரவை ரத்துச் செய்தது. சோதனை செய்த சாலைகள் முறையான அங்கீகாரம் பெற்றவையல்ல, கம்பெனியின் பேச்சும் சரிவரக் கேட்கப்படவில்லை என்பன காரணங்கள். மறுசோதனையில் ஈயம் வரம்புக்குள்ளேயே இருந்தது. நுகர்வோர் சார்பில் மத்திய சர்க்கார் தேசியக் கமிஷனில் கேட்ட சுமார் 640 கோடி ரூபாயும் 2024-ல் தள்ளுபடியாயிற்று. ஆகவே, சரக்கைத் திரும்பப் பெற்றார்கள் என்ற பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்து வைத்தால் மட்டும் வழக்கு நிற்காது. நம்மை வருத்தியது அந்தச் சரக்குத்தான் என்று நாமே காட்டியாக வேண்டும்.

உண்ட மிச்சத்தை மூடிய பாத்திரத்தில் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். குழந்தைகள் கை வைக்காதபடி அடையாளமும் இடுங்கள். தொகுதி எண் அச்சிட்ட உறையும் ரசீதும் பத்திரமாக இருக்கட்டும். வைத்தியரிடம் என்ன உண்டோம், எத்தனை மணிக்கு, வாந்தி எப்போது என்று சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நேரம் முக்கியம்: ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சு சில மணி நேரத்திலேயே வேலையைக் காட்டும், சால்மோனெல்லா சில நாள் கழித்தும் காட்டலாம். கடைசியாக உண்டதே குற்றவாளி என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

உணவை நாமே பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் சட்டத்தின் 40-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் அந்த உத்தேசத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டுமாம்! நோய் வருமென்று முன்கூட்டி அறிந்து பால்கோவா வாங்குவோர் யார்? ஆதலால் நோயுற்றவர் உடனே உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவித்து, கடையில் எஞ்சியுள்ள சரக்கை மாதிரி எடுக்கச் செய்வதே மேல். நுகர்வோர் கமிஷனும் மாதிரியை முத்திரையிட்டுச் சோதனைக்கு அனுப்பலாம். ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணில் தேசிய உதவித் தொலைபேசி உண்டு.

இவ்வளவும் சொல்லி எழுந்தபோது, அந்த அம்மாளுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. மகளுக்கென்று வாங்கிய இரண்டாவது பெட்டி, பிரிக்கப்படாமல் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டிலேயே இருந்தது.