கிழக்கே தோவாளைக் கோட்டை

பூச்சந்தை இரைச்சல் அடங்கி, கடைசி மல்லிகைக் கூடையும் வண்டி ஏறியபிறகு, சித்தப்பா ஈரக்கையைத் தோர்த்தில் துடைத்துக்கொண்டு, "வா மக்கா, காட்டுகேன்" என்றார். இரண்டு வாரமாக நான் காத்திருந்த சொல் அது. செருப்பைக் கழற்றவும் மறந்து உள்ளே ஓடினேன்.

பத்தாயத்தின் மூடியைத் தூக்கியதும் வசம்பு வாடை. நெல் இருந்த இடத்தில் பழைய வேட்டித் துணி, அதற்குள் இன்னொரு துணி, அதற்குள் சுருணை. ஒரு கையளவுக்கு உருட்டி, நூலால் கட்டிய பனையோலைக் கட்டு. "பைய, பைய. இழுத்தியானா ஒடஞ்சு போவும்." சித்தப்பா தினமும் மாணிக்கமாலை மடிக்கிறவர். அரளியையும் நொச்சி இலையையும் சம்பா நாரில் மடித்து மடித்துக் கல் பதித்ததுபோல் ஆக்கும் விரல்கள் அவருடையவை. அந்த விரல்கள்தான் ஓலையை ஒவ்வொன்றாகப் பிரித்தன. நான் மூச்சுவிடவும் பயந்து நின்றேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் பழுப்பு ஓலை. நாராயத்தால் கீறிய எழுத்துக்குத் தனியாக நிறம் கிடையாது. மை தடவினால்தான் முகம் காட்டும். சித்தப்பா ஓலையை ஜன்னல் பக்கம் சாய்த்தார். வெயில் கீறலுக்குள் நுழைந்ததும் ஒரு வரி முழுவதும் எழுந்து நின்றது! எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நொடி அலுக்காது.

படிப்பது அடுத்த கூத்து. புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்கமாட்டார்கள். 'ர'வும் நெடிலுக்கான காலும் ஒரே வடிவம். 'கரல' என்று கண்ணுக்குத் தெரிவது 'கால்'. தண்ணீர் ஓடும் காலா, கால்பங்கா என்று பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவுகட்ட வேண்டும். ஆண்டு, கொல்லம் ௲௨௰௧ மீன மாதம். ௲ ஆயிரம், ௨௰௧ இருபத்தொன்று. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால் டிசம்பர்வரை 824ஐயும், ஜனவரிக்குப் பிறகு 825ஐயும் கூட்டவேண்டும். அப்படியானால் 1846. எங்கள் முன்னோர் ஒருவர் வயலை ஒற்றிவைத்த ஓலை. கடைசியில் எழுதியவரின் கையெழுத்து. எழுதத் தெரியாதவர் போட்ட கீறலுக்குப் பக்கத்தில் 'தற்குறி'. வசைச்சொல்லாக நாம் வீசுகிற அந்தச் சொல் இங்கே பிறந்தது. தனக்கென்று ஒருவன் வைத்துக்கொண்ட குறி அது. அந்தக் கோட்டைத் தொட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

குடியானவனின் குறி இப்படி என்றால், ராஜாக்கள் எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்? எனக்குப் பித்துப் பிடித்தது இந்தக் கேள்வியில்தான். ஐரோப்பிய மன்னர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். சண்டைக்கு நிற்கும்போதும் 'என் சகோதரரே' என்று தொடங்குவது அந்த மன்னர்களின் மரபு. அந்தக்கால ஸ்பெயின் அரசர் பெயரே எழுதமாட்டார். 'நான், அரசன்' என்று மட்டும் போடுவார். பிரான்சின் பதினான்காம் லூயி அரண்மனையில், அரசரின் கையெழுத்தை அச்சு அசலாகப் போட உரிமை பெற்ற செயலர் ஒருவர் இருந்தார். துசேன் ரோஸ் என்று பெயர். லூயி கையெழுத்து என்று ஆசையாய் வாங்கியது ரோஸின் கைவேலையாக இருக்கலாம். சேகரிப்பவர்கள் பூதக்கண்ணாடியும் கையுமாக இருப்பது இதனால்தான்.

என்னை உலுக்கியது ஸ்காட்லாந்து அரசி மேரியின் கடைசிக் கடிதம். 1587 பிப்ரவரி 8, அதிகாலை 2 மணி. காலையில் தலை போகப்போகிறது. பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு, அதாவது தன் கொழுந்தனுக்கு, எழுதுகிறாள். எழுதியபின் அதே தாளின் ஓரத்திலிருந்து ஒரு கீற்றை நறுக்கி, கடிதத்தை மடித்துத் துளையிட்டு, அந்தக் கீற்றையே ஊசிநூல்போலக் கோத்துப் பூட்டியிருக்கிறாள். கிழிக்காமல் திறக்க முடியாது. சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் ஓலையின் துளையில் நூல் கோத்துக்கொண்டே, "கோக்கத் தெரிஞ்ச பொம்பள, கேட்டியா" என்றார்.

நம் பக்கத்து ராஜாக்களும் அந்தக் கடிதப் போக்குவரத்தில் இருந்தவர்கள்தான். தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு எழுதியது தங்கத்தில்! பனையோலை வடிவத்தில் தட்டிய பொன்னேடு, வாசகம் தமிழ், கையெழுத்துத் தெலுங்கு. இன்றும் அது கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து விக்டோரியா ராணிக்கு 1850 வாக்கில் தந்தச் சிம்மாசனமே போனது.

ஆனால் தங்கமும் தந்தமும் எனக்கு வேண்டாம். எங்கள் தோவாளை வட்டத்துக்குள்ளேயே, அழகியபாண்டியபுரத்தில், பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் அரசாணைகள் கட்டுக்கட்டாக இருந்தன. வேணாட்டு, திருவிதாங்கூர் அரசர்கள் அனுப்பிய நீட்டுகள், ஊர்க்கூட்ட முடிவுகள், நில ஓலைகள், மனிதரை விற்ற அடிமை ஓலைகள்கூட. தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அந்தக் கட்டுகளைத் தேடிப்போய்ப் படியெடுத்தார். குழந்தைகளுக்குப் பாட்டு எழுதிய கவிமணியைத்தான் நமக்குத் தெரியும். ஓலைத்தூசியில் உட்கார்ந்து வரி வரியாய்ப் பகர்த்திய கவிமணியை நான் அதைவிட ஒரு படி கூடுதலாக நேசிக்கிறேன். பிற்பாடு அ.கா. பெருமாள் 'முதலியார் ஓலைகள்' என்று அவற்றை நூலாக்கினார். திருமலை நாயக்கர் படை வந்து பயிர் அழிந்ததால் நாஞ்சில் நாட்டுக்கு வரி தள்ளுபடி செய்த 1635ஆம் ஆண்டு அரசாணையைப் பற்றி வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மன்னன் மன்னனுக்கு எழுதினால் நலம் விசாரிப்பான், மிரட்டுவான். இங்கே மன்னன் எழுதியது விளையாத வயலைப் பற்றி.

மன்னன் மன்னனுக்கு எழுதிய ஒன்றும் நம்மிடம் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் தவித்தேன்! கொல்லம் 925 மகரம் 5, அதாவது 1750 ஜனவரி. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா உடைவாளைத் திருவனந்தபுரம் கோயில் ஒற்றைக்கல் மண்டபத்தில் வைத்து, நாடு முழுவதையும் பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்தார். அதன் பெயர் திருப்படித்தானம். அன்றிலிருந்து சுவாமிதான் ராஜா; அரசர் அவருக்குப் பத்மநாபதாசர். ஒரு ராஜா பட்டத்தை இன்னொரு ராஜாவுக்கு எழுத்தில் ஒப்படைத்த சாசனம். நாகமையா 1906இல் வெளியிட்ட திருவிதாங்கூர் கையேட்டில் இதை நாலைந்து வருஷம் முன்பு ஒரு மத்தியானம் படித்துக்கொண்டிருந்தேன். கொடுத்த நாட்டுக்கு எல்லை சொல்லவேண்டுமே. மேற்கே கவணாறு. கிழக்கே?

தோவாளைக் கோட்டை.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வீட்டில் யாருமில்லை, சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

சித்தப்பாவிடம் இதுவரை சொல்லவில்லை, நேரில் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். ஓலையைச் சுருட்டி, துணியில் பொதிந்து, பத்தாயத்தை மூடிவிட்டு, மிச்சமிருந்த அரளியை மடிக்க அவர் திண்ணையில் உட்கார்ந்ததும் சொன்னேன். மடிக்கும் கை நின்றது.

"நம்ம தோவாளையா?"

"நம்ம தோவாளைதான் சித்தப்பா."

பூத்தட்டை ஒதுக்கி வைத்தார். உள்ளே எட்டிப்பார்த்து, "ஏட்டீ, இங்க வா" என்று சித்தியைக் கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மொதல்ல இருந்து சொல்லு மக்கா" என்றார்.