பேகம்பேட்டில் ஒரு வரலாற்றுப் பாடம்

பேகம்பேட்டில் பழைய விமான நிலையத்திற்கு அருகே சர் ரொனால்டு ராஸின் பெயரைத் தாங்கிய பழங்கட்டடம் ஒன்று உள்ளது. மலேரியா கொசுவால் பரவுவதை அவர் 1897 ஆகஸ்டு 20 அன்று கண்டறிந்தார் என்று கீழ்வகுப்புகளில் ஒரே வரியில் படித்திருப்போம். மேல்நிலை வகுப்பில் வரலாறு பயில்வோருக்கு அவ்வரி போதாது. 'யார், எப்போது' என்னும் வினாக்களோடு, 'எவ்வாறு அறிந்தோம்' என்னும் வினாவும் அங்கே சேர்ந்துகொள்கிறது.

ராஸ் இங்கு வந்ததற்கே ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1798ஆம் ஆண்டின் துணைப்படை உடன்படிக்கையால் நிஜாமின் நாட்டில் ஆங்கிலேயப் படை தங்கியது. அப்படையிருப்பே பின்னர்ச் செகந்திராபாத் நகராக வளர்ந்தது. ராஸ் அங்குப் படை மருத்துவராகப் பணியாற்றினார். ஆகவே, பழைய நூல்களில் 'பேகம்பேட்' என்று தேடுவோர் ஏமாறக்கூடும். 'செகந்திராபாத்' என்றே தேடவேண்டும்.

இனி, அந்நாளில் நிகழ்ந்தது என்ன? உசேன் கான் என்னும் மலேரியா நோயாளியைக் கடித்த கொசுக்களை ராஸ் சில நாள் வைத்திருந்து அறுத்து ஆராய்ந்தார். 20ஆம் நாள் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட செல்களைக் கண்டார். மறுநாள் அறுத்த கொசுவில் அவை மேலும் பெரியனவாக இருந்தன. கொசுவின் உடலுக்குள் நோய்க்கிருமி வளர்கிறது என்று அவர் உணர்ந்தார். அன்று கண்டது அவ்வளவே! கொசுக்கடியால் நோய் பரவுவதை அவர் மெய்ப்பித்தது 1898இல், கல்கத்தாவில், அதுவும் பறவைகளிடத்தில். மனிதரிடத்தில் அதனை அவ்வாண்டின் இறுதியில் மெய்ப்பித்தோர் கிராசி முதலிய இத்தாலிய அறிஞர்கள். 1902ஆம் ஆண்டின் நோபல் பரிசோ ராஸுக்கு மட்டுமே கிடைத்தது. முதன்மை யாருக்கு உரியது என்று இருவரும் நெடுங்காலம் பூசலிட்டனர்.

இதனால்தான் சான்று எழுதப்பட்ட காலத்தை நோக்கவேண்டியுள்ளது. ராஸின் கட்டுரை 1897 டிசம்பரில் மருத்துவ இதழில் வெளிவந்தது. தன்வரலாறு 1923இல் வெளிவந்தது. முன்னது, முடிவு இன்னதென்று தெரியாதபோது எழுதியது. பின்னது, பரிசும் பூசலும் கண்டபின் எழுதியது. நிகழ்ச்சியை அறிய முன்னதே வலியது. ஆயினும், அந்நிகழ்ச்சியை உலகம் எவ்வாறு நினைவுகொள்ளவேண்டும் என்று ராஸ் விரும்பினார் என்பதைப் பின்னதே காட்டும்.

உசேன் கான் தம்மைக் கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் கூலி பெற்றார். அச்செய்தியும் நமக்கு ராஸின் எழுத்து வழியாகவே வந்து சேர்ந்தது.